பிடியரிசியும் அரசாங்கக் கொடையும்

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அதற்கு அரசாங்கத்தின் காசு ஒரு சதமும் இல்லை. பள்ளியை நடத்த அவர் கண்ட வழிகளில் ஒன்று பிடியரிசி. உலையில் அரிசி போடும்போது வீட்டுப் பெண் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இடுவாள். அது சேர்ந்ததும் வீடு வீடாக வந்து வாங்கிப்போவார்கள். அந்த அரிசி விற்ற காசில் பள்ளி நடந்த காலத்திலேயே, அதே ஊரில் மிஷன் பள்ளிகள் சில தேசாதிபதியின் கருவூலத்திலிருந்து கொடை பெற்று வந்தன. பிடியரிசி கொடுத்த குடும்பமும் வரி கட்டிய குடும்பந்தான். அந்த வரியில் ஒரு பங்கு, தன் பிள்ளைக்கு வேறு சமயம் கற்பிக்கும் பள்ளிக்குப் போனது. மதம் சார்ந்த பள்ளிகளுக்கு அரசு பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி இப்போதும் உலகின் பல நாடுகளில் சட்டமன்றங்களைச் சூடாக்குகிறது. இலங்கை அந்தக் கேள்வியோடு ஒன்றரை நூற்றாண்டு மல்லுக்கட்டி, கொடுத்தும் பார்த்தது, கொடையை நிறுத்திப் பள்ளிகளையே பறித்தெடுத்தும் பார்த்தது. அந்த வரலாற்றைப் படிக்கையில் எனக்குத் தோன்றுவது இது: பணம் கொடுத்தது பிழையன்று. கேள்வி கேட்காமல் கொடுத்ததும், முந்தி வந்தவருக்கு வேலி அடைத்துக் கொடுத்ததுமே பிழை. அந்தப் பிழையைத் திருத்தத் தயங்கியதால் மூண்ட கோபந்தான் 1960இல் பள்ளிகளின் கதவைத் தட்டியது.

கொடை எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் அதில் சமயப்பற்றைவிடச் சிக்கனமே தூக்கலாகத் தெரியும். வெஸ்லியன் மிஷன் 1814இலும், அமெரிக்க மிஷன் 1816இலும், சேர்ச் மிஷன் 1818இலும் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பள்ளிகளை நிறுவின. ஓலைக் கொட்டகையில் ஒரு வாத்தியார், தரையில் மணல், மணலில் எழுத்து என்று கிராமப் பள்ளிகள் பெருகின. 1830களில் கோல்புறூக் அறிக்கையைத் தொடர்ந்து நிர்வாகத்தைச் சீரமைத்த ஆங்கில அரசு, மிஷனரிமார் நன்றாக நடத்தும் இடத்தில் தானும் பள்ளி நடத்துவது வீண்செலவு என்று கருதியது. 1834இல் அமைந்த பாடசாலை ஆணைக்குழுவில் ஆங்கிலிக்கன் குருமாரின் கையே ஓங்கியிருந்தது. 1841இல் அதன் இடத்துக்கு வந்த மத்திய பாடசாலை ஆணைக்குழு மற்றச் சபைகளுக்கும் கொடையை விரித்தது. மோர்கன் குழுவின் விசாரணைக்குப் பிறகு 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவாகி, கொடைமுறை ஒழுங்கான விதிகளுக்குள் வந்தது. அந்த விதிகளின் உள்ளக்கிடக்கை எளிது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளை தேறினால் அரசு பணம் தரும். மீதி நேரத்தில் பள்ளி எந்தச் சமயத்தைக் கற்பித்தாலும் அது அரசின் அலுவல் அன்று. சமயபாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை தரும் மனச்சாட்சி வாசகம் ஒன்றைச் சேர்க்கலாமே என்ற யோசனை அப்போதே எழுந்தது. மிஷன்கள் எதிர்த்தன, அரசு பின்வாங்கியது.

நடுநிலை போலத் தோன்றும் இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி இருந்தது? பெறுபேற்றுக்கு ஏற்ற கொடை என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை வித்தியாதரிசி வரும் நாளே பள்ளியின் அறுவடை நாள். அன்று வராத பிள்ளையால் கொடையில் ஒரு துண்டு குறையும். வந்த பிள்ளை வாசிப்பில் தேறிக் கணக்கில் தவறினால் வாசிப்புக்கு மட்டும் காசு. வித்தியாதரிசியின் ஏட்டில் வேதபாடத்துக்கு நிரல் கிடையாது, ஆகவே வேதபாடத்துக்கு அரசு பணம் தரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரே வேதபாடமும் சொல்லிக்கொடுத்தார். பல ஊர்களில் அவரே ஞாயிறு ஆராதனையையும் நடத்தும் உபதேசியார். கணக்குப்போட வந்த பிள்ளை முதல் மணியில் நடக்கும் ஜெபத்துக்கும் உட்கார்ந்தே ஆகவேண்டும். ஒரே கூரை, ஒரே ஆள், ஒரே சம்பளம். எந்தச் சதம் கணக்குக்கு, எந்தச் சதம் வேதத்துக்கு என்று எந்தக் கணக்காளராலும் பிரிக்க முடியாது. அரசு ஒரு பாடத்துக்குக் கொடுத்தால் நிர்வாகத்தின் கையில் இன்னொரு பாடத்துக்குக் காசு மிச்சம். 'சமயத்துக்குக் கொடுக்கவில்லை, கல்விக்குத்தான் கொடுக்கிறோம்' என்று இன்றைக்கும் எந்த அரசு சொன்னாலும், இந்த வித்தியாதரிசியின் ஏட்டை நினைத்துக்கொள்வது நல்லது. மதப் பள்ளிக்குக் கொடுத்தால் மதத்துக்கும் கொடுத்ததாகத்தான் ஆகும். இதை ஒப்புக்கொண்டு வாதாடுவதே நேர்மை.

இதைவிட மோசமானது வேலி. புதுப் பள்ளிக்குக் கொடை வேண்டுமானால் அது ஏற்கெனவே கொடை பெறும் பள்ளிக்கு மிக அருகில் இருக்கக்கூடாது என்று விதிகள் வந்தன. 1890களின் 'கால் மைல்' விதி அவற்றில் பேர்போனது. இரு பள்ளிகள் போட்டிபோட்டு ஒரே பிள்ளைகளுக்கு இரட்டைச் செலவு வைப்பதைத் தடுக்கத்தான் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். தாளில் படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மிஷன்கள் எண்பது ஆண்டு முந்தியே வந்து ஊர்ச் சந்திகளில் இடம் பிடித்துவிட்டன. சந்தியில் பள்ளி இருக்க, சைவரும் பௌத்தரும் ஊர்க் கோடியில் போய்ப் பள்ளி கட்டவேண்டியதாயிற்று. 1872இல் நாவலர் வண்ணார்பண்ணையில் ஒரு ஆங்கிலப் பள்ளியும் தொடங்கிப் பார்த்தார். உத்தியோகம் தரும் ஆங்கிலத்துக்காகப் பிள்ளைகள் மிஷன் பள்ளிக்குப் போவதைத் தடுக்க அதுவே வழி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பணமில்லாமல் அது நிலைக்கவில்லை. 1880இல் பௌத்தர் கல்விக்குத் துணைநின்ற அமெரிக்கர் ஒல்கொட் காலியில் வந்திறங்கியபோது, பௌத்தரே பெரும்பான்மையாக வாழும் தீவில் பௌத்தர் நடத்திய உதவிபெறும் பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிறிஸ்தவர் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். கொடையில் மிகப் பெரும்பங்கு அவர்களுடையது. நெல்வரி கட்டியது எல்லோரும்.

இந்த இடத்தில் பலரும் ஒரு முடிவுக்குத் தாவுவார்கள்: அப்படியானால் மதப் பள்ளி எதற்குமே கொடுத்திருக்கக்கூடாது. நாவலரின் ஆங்கிலப் பள்ளியே அந்த முடிவுக்கு எதிரான சாட்சி. அரசு 1870இல் கையை முற்றாக இழுத்துக்கொண்டிருந்தால் மிஷன் பள்ளிகள் மூடியிருக்குமா? லண்டனிலிருந்தும் பொஸ்டனிலிருந்தும் அவற்றுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. மூடியிருப்பவை பிடியரிசியை நம்பிய பள்ளிகள்தான், அல்லது அவை பிறந்தே இருக்கமாட்டா. அரசு ஒதுங்கிக்கொள்ளும் ஊரில் பணமுள்ள மதமே பள்ளி நடத்தும். அரசு தானே எல்லா ஊரிலும் சமயச்சார்பற்ற பள்ளி கட்டியிருக்கலாமே என்றால், கட்டியிருக்கலாம். ஆனால் காப்பித் தோட்டங்கள் இலைநோயில் அழிந்து வருவாய் வற்றியபோது இருந்த ஆங்கிலப் பள்ளிகளையே கைகழுவப் பார்த்த அரசு அது. நடந்தது வேறு. 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபையின் முயற்சியால் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வேரூன்றியது. பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்கும் 1921இல் ஆண்களுக்கும் கல்லூரிகள் நிறுவினார். 1923இல் பிறந்த சைவ வித்தியாவிருத்திச் சங்கம், 'இந்து போர்ட்' இராசரத்தினம் என்றே பெயர்பெற்றுவிட்ட எஸ். இராசரத்தினத்தின் உழைப்பால், காலப்போக்கில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது. பரோபகாரம் மட்டும் நூறு பள்ளிகளைத் தாங்காது. விதிகள் தளரத் தளர, மிஷன் வாங்கிய அதே கொடையைச் சைவரும் வாங்கினார்கள். முன்பு தங்களுக்கு அநீதி செய்த கொடைமுறையைக் கொண்டே அந்த அநீதியில் பாதியைச் சரிசெய்தார்கள் என்பதை அன்றைய சைவப் பெருமை பேசுவோர் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள்.

மதப் பள்ளி பிள்ளையை மதம் மாற்றும் இயந்திரம், அதற்கு அரசு எண்ணெய் ஊற்றலாமா என்பது அடுத்த ஆட்சேபம். யாழ்ப்பாணத்துக் கதை இதில் இருபக்கமும் வெட்டும். வட்டுக்கோட்டை செமினரியை அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கி, உயர்ந்த கணிதமும் வானியலும் ஆங்கிலமும் தமிழும் கற்பித்தது. 1855இல் மிஷனே அதை மூடியது. பொஸ்டனிலிருந்து வந்து பார்த்தவர்கள் கண்ட குறை, அங்கே படித்தவர்கள் உத்தியோகம் தேடிப் போகிறார்களே தவிர ஊழியத்துக்கு வருவதில்லை என்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் அந்த செமினரியில் படித்தவர்கள். இருவரும் பின்னர் சைவத்துக்குத் திரும்பினார்கள். தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்து, உ.வே. சாமிநாதையருக்கு முன்னோடியாக நின்றார். நாவலரே வெஸ்லியன் பள்ளியில் படித்து, பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர்; வினாவிடை நூல், வகுப்புமுறை, பிரசங்கம் எல்லாம் அங்கே கண்டு சைவத்துக்குக் கொண்டுபோனவை. பள்ளி நினைத்ததும் பிள்ளை ஆனதும் ஒன்றல்ல. ஆனால் இந்தப் பெயர்களைச் சொல்லித் தப்பிக்கவும் கூடாது. இவர்கள் எதிர்த்து நிற்கும் வல்லமை கொண்டவர்கள். வேறு பள்ளியில்லாத கிராமத்தில் ஆறு வயதுப் பிள்ளை திருநீறு பூசிய நெற்றியோடு வேதபாடத்துக்கு உட்காரவைக்கப்பட்டால், அதன் தகப்பன் யாரிடம் போய் முறையிடுவான்? கொடையைத் தொடங்கியபோதே எழுதியிருக்கவேண்டிய மனச்சாட்சிப் பாதுகாப்பு, 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தில்தான் உறுதியான இடம் பெற்றது. அரை நூற்றாண்டு காலத்துப் பிள்ளைகள் அதற்கு முன்பே படித்துப் போய்விட்டார்கள்.

கொடையோடு நிபந்தனை சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த வரலாற்றில் உள்ள மிகச் சிறந்த சான்று சமயத்தைப் பற்றியதே அன்று. அது சாதியைப் பற்றியது. யாழ்ப்பாணப் பள்ளிகளில் வெள்ளாளப் பிள்ளை வாங்கில் இருக்க, பஞ்சமர் எனப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் தரையிலோ புறம்பான பலகையிலோ இருந்தார்கள். சில பள்ளிகளில் உள்ளேயே விடப்படவில்லை. சைவப் பள்ளிகள் மட்டுமல்ல, மேல்சாதிப் பிள்ளைகளை இழக்க அஞ்சிய மிஷன் பள்ளிகள் பலவும் இதற்கு வளைந்துகொடுத்தன. நாவலரும் சாதியாசாரத்தைத் தளர்த்தியவரல்லர். 1920களின் இறுதியில் வித்தியாபகுதி ஓர் உத்தரவு போட்டது: உதவி பெறும் பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம். பிரசங்கமாக அல்ல, கொடைக்கு நிபந்தனையாக. ஊர் கொதித்தது. மனுக்கள் பறந்தன, மேல்சாதிப் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தினார்கள், சில பள்ளிக் கொட்டகைகள் இரவில் தீக்கிரையாயின. பணிந்துபோன முகாமையாளர்களும் இருந்தார்கள், பிள்ளைகள் எல்லோரையும் தரையில் இருத்தி 'சமம்' என்று காட்டிய சூட்சுமக்காரரும் இருந்தார்கள். ஆனாலும் வாங்கு கடைசியில் எல்லோருக்கும் ஆனது. தம் சொந்தப் பணத்தில் நடந்த பள்ளிகளாக இருந்திருந்தால் அரசு எந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கும்? மதப் பள்ளிக்குப் பணம் கொடுப்பதை நான் ஆதரிப்பதற்கு ஒரே காரணத்தைச் சொல்லச் சொன்னால் இந்த உத்தரவைத்தான் சொல்வேன். காசு வாங்கும் கையைத்தான் பிடிக்க முடியும்.

பிடிக்கவேண்டிய மற்ற இடங்களில் அரசு பிடிக்கவில்லை. 1945இல் கல்வி மந்திரி சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் திட்டத்தால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. இலவசத் திட்டத்தில் சேர்ந்த உதவிபெறும் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசே ஏற்றது. மிஷன்கள் தங்கள் பணத்தைப் போட்டுத்தானே நடத்துகிறார்கள், அரசு தருவது ஒரு தாங்குகோல்தானே என்ற பழைய சமாதானம் அன்றோடு செல்லாக்காசானது. சம்பளம் அரசுடையது, ஆளை நியமிப்பவரும் விலக்குபவரும் முகாமையாளர். மிஷன் பள்ளியில் கிறிஸ்தவருக்கும் சைவப் பள்ளியில் சைவருக்கும் முதலிடம், இரண்டிலும் சாதி வேறு உள்ளே புகுந்துகொள்ளும். பொதுப்பணத்தில் சம்பளம் வாங்கும் கணித ஆசிரியர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பது நியமனத்துக்குத் தகுதியாக இருந்ததை எவராலும் நியாயப்படுத்த முடியாது. 1956இல் பௌத்த விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டபோது, உதவிபெறும் பள்ளிகளை அரசு எடுக்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்த நியாயமான குறை எரிபொருளானது. குறை நியாயமானது என்பதால் அந்த அறிக்கையின் பெரும்பான்மைவாதமும் நியாயமாகிவிடாது; அது வேறு சரக்கு.

1960 டிசம்பர் முதலாம் திகதி வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசில் கல்வி அமைச்சராயிருந்த பதியுதீன் மஹ்மூத், அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி உதவிபெறும் பாடசாலைகளின் நிர்வாகத்தை அரசின் கையில் எடுத்தார். தீவு முழுவதும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகள். மறு ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் கட்டடமும் காணியும் அரசுக்குச் சேர வழி செய்தது. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் புகுந்து பாய்விரித்துக் காவலிருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிரேசியஸ் சமரசம் பேச வந்த பிறகே அது தணிந்தது. சுவீகரிப்பால் விளைந்த நன்மையை மறைக்கத் தேவையில்லை. நியமனத்துக்குச் சமயச் சான்று தேவைப்படவில்லை. பின்தங்கிய கிராமங்களுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இடமாற்றத்தில் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை நெடுங்காலம் போராடிப் பெறமுடியாத அனுமதிகள் சில பள்ளிகளில் எளிதாயின. ஆனால் சட்டத்தில் ஒரு புறவாசல் இருந்தது. மேல்வகுப்புகள் கொண்ட பெரிய பாடசாலைகள் விரும்பினால் அரசு உதவியைத் துறந்து, கட்டணமும் வாங்காமல், தனியார் பாடசாலையாகத் தொடரலாம். பழைய மாணவரும் சொத்தும் உள்ள கல்லூரிகளுக்கே அது இயலும். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, சென் பற்றிக்ஸ், பரியோவான், சுண்டிக்குளி, உடுவில் மகளிர் ஆகியவை வெளியே நின்றன. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் சைவச் சங்கத்தின் ஊர்ப் பள்ளிகளும் அரசிடம் போயின. பணமுள்ள மதம் பள்ளியை வைத்துக்கொள்ளும், இல்லாதது இழக்கும் என்ற அந்தப் பழைய கணக்கு வேறொரு வாசலால் திரும்பி வந்தது.

பிரிவினை ஒழிந்ததா என்று கேட்டால் அதற்கும் விடை சங்கடமானது. மதப் பள்ளிகள் பிள்ளைகளைப் பிரித்து வளர்க்கும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் வாதம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அரசு எடுத்த பிறகு இலங்கைப் பள்ளிகள் முஸ்லிம் பாடசாலை, இந்துப் பாடசாலை, கத்தோலிக்கப் பாடசாலை என்ற பெயர்களோடே அரச பாடசாலைகளாக இருக்கின்றன. மொழிவாரிப் பிரிவினை அதற்கு மேலே. சமயம் க.பொ.த. சாதாரண தரத்தில் கட்டாயப் பாடம். 1979இல் பிரிவேனாக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, பிக்குமாரின் கல்வி நிறுவனங்கள் அரசு நிதி பெற முறையான வழி வந்தது. புறவாசலால் வெளியேறிய தனியார் கல்லூரிகள் வறுமையில் தள்ளாடியபின் அவற்றின் ஆசிரியர் சம்பளத்தையும் அரசு மீண்டும் ஏற்றது. ஆக, மதப் பள்ளிக்குப் பணம் கொடுப்பதை இலங்கை நிறுத்தவே இல்லை. கொடுப்பதைக் கொடை என்று சொல்லாமல் விட்டது, அவ்வளவுதான். சொல்லாமல் விட்டதால் கொடைக்குரிய நிபந்தனைகளைப் பேசும் இடமும் இல்லாமல் போயிற்று.

பாக்குநீரிணைக்கு இக்கரையில் இந்தியாவின் 1950இன் அரசமைப்புச் சட்டம் கொடையைக் கொடையென்றே சொல்லி விதி எழுதியது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது. உதவிபெறும் பள்ளியில் உண்டு, ஆனால் பெற்றோரின் இசைவில்லாமல் பிள்ளையை அதில் உட்காரவைக்கக் கூடாது. உதவி பெறும் நிறுவனம் மதம், சாதி காட்டி அனுமதி மறுக்கக் கூடாது. சிறுபான்மையினர் நடத்துவது என்பதற்காக அரசு உதவியில் வேற்றுமை காட்டவும் கூடாது. 1869இன் கொழும்பு விதிகளில் இல்லாமற்போனவை இவையே. தமிழ்நாட்டில் பாதிரியார் பள்ளிகளில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தலைமுறைகளாகப் படித்துவருவதற்கு அந்த வரிகள் ஒரு காரணம். என்றாலும் இங்கும் ஓட்டை உண்டு. உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2025இல் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு அதில் ஐயம் எழுப்பியிருக்கிறது. எனக்கும் அந்த ஐயம் உண்டு. சொந்தப் பணத்தில் நடக்கும் சிறுபான்மைப் பள்ளிக்கு விலக்கு என்றால் புரிந்துகொள்ளலாம். சம்பளம் முழுதையும் கருவூலத்திலிருந்து வாங்கிக்கொண்டு ஏழைப் பிள்ளைக்கான விதியிலிருந்து மட்டும் விலக்கு என்பது பழைய கொடையின் சாயல்.

ஆகவே கொடைக்கு நான் கேட்கும் நிபந்தனைகள் இவை. பள்ளியின் சமய முகத்தைக் காப்பாற்றத் தலைமையாசிரியரையும் சமயபாட ஆசிரியரையும் நிர்வாகமே தெரிந்தெடுக்கட்டும்; அந்த உரிமை இல்லையென்றால் அது மதப் பள்ளியாகவே இராது. அரசு சம்பளம் கொடுக்கும் மற்ற இடங்கள் அனைத்தும் திறந்த போட்டிக்கு வரவேண்டும், வாசலில் எந்தப் பிள்ளையையும் திருப்பக்கூடாது, ஒரு சமயத்தின் பள்ளிக்குக் கொடுக்கும் அளவுகோலாலேயே அடுத்ததற்கும் அளக்கவேண்டும். கொழும்பு இன்று பிரிவேனாவுக்குக் கொடுப்பதுபோல் சைவக் குருகுலத்துக்கும் மதரசாவுக்கும் குருத்துவக் கல்லூரிக்கும் கொடுக்கத் தயாரா என்று முதலில் கேட்கலாம்.